பக்கப் பார்வை

எனக்கு இடப்பக்கம் தெரியாமல் போய்க் கனகாலமாம். டொக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுவரை, குருநகர்ச் சனமெல்லாம் நடக்கத் தெரியாமல் என்னை வந்து இடிக்குதுகள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"குளுக்கோமா, சிமியோன் ஐயா. கண்ணுக்குள்ளை அழுத்தம். நோகாது, வாறதும் தெரியாது. இது குடும்பத்துக்குள்ளை வரும். பிள்ளையளையும் சோதிக்க வேணும்."

எனக்குப் பிள்ளை என்று இருப்பது ஜெறோம் ஒருத்தன். முப்பது வயது. இரவில் படகை ஓட்டுகிறவன் அவன்தான். அன்று என்னை மோட்டச்சைக்கிளில் ஏற்றிவந்து டொக்டரின் அறை வாசலில் நின்றான்.

"என்ரை கண்ணுக்கு என்னப்பா? வலைக்குக் கட்டின கொடியைக் கடலிலை முதல் காணிறது ஆர்?"

"நீதான்ரா. போய் இருந்து என்னை வெக்கப்படுத்து."

எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தான். நான்தான் வாசித்தது போலத் தாதியைப் பார்த்தேன். பிறகு இருட்டறையில், பெரிய கோப்பை போன்ற மிசினில் நாடியை ஊன்றி முகத்தை வைக்கச் சொன்னா.

"நேரை பாத்துக்கொண்டிருங்கோ. எந்தப் பக்கம் வெளிச்சப் புள்ளி தெரிஞ்சாலும் பட்டனை அமத்துங்கோ."

நான் சுவரோரம் இருந்தேன். டிக். டிக். பிறகு ஒன்றுமில்லை. மிசின் மட்டும் உறுமியது. நெடுநேரம் கழித்து ஒரு டிக். திரும்பவும் ஒன்றுமில்லை.

"நித்திரையோடா?"

"இல்லையப்பா. ஒண்டும் வரேல்லை."

புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன. தாதி என் பக்கம் திரும்பாமலே நின்றா.

"ரெண்டு கண்ணிலையும் பக்கப் பார்வை நல்லாக் குறைஞ்சிட்டுது, தம்பி," என்றார் டொக்டர். "நேர்ப்பார்வை துல்லியமா இருந்ததாலை தெரியேல்லை. போனது திரும்பாது. சொட்டுமருந்து விட்டு, ஒழுங்காச் சோதிச்சுக்கொண்டு வந்தால் மிச்சத்தைக் காக்கலாம். இருட்டிலை படகு ஓட்டாதேங்கோ."

"அப்ப தொழில்?"

டொக்டர் பேனையை மூடினார்.

செத்த வீட்டிலும் எனக்கு ஒரு பகிடி வரும். அதற்காகவே சில வீடுகளில் எனக்குச் சொல்லி அனுப்புவதில்லை. டொக்டரின் அறையில் ஒன்றும் வரவில்லை.

"டொக்டர், என்ரை கண்ணிலை மிச்சம் இருக்கிறதை எடுத்து இவனுக்கு வைக்கேலாதோ?"

டொக்டர் சிரித்தார். தாதியும் சிரித்தா. காலையிலிருந்து அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் நான்; அவர்களில் பிழையில்லை.

ஜெறோம் சிரிக்கவில்லை.

"வேண்டாமப்பா," என்றான்.