ரூபாய் விழுந்ததற்கு மைசூர்பாகு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கு என் மேலேயே நம்பிக்கை வருகிறது.

திங்கட்கிழமை காலை எங்கள் முதலாளி குருமூர்த்தி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ரூபாயின் மதிப்பு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. சொந்த நாட்டுப் பணம் விழுந்ததற்கு இனிப்பு கொடுக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஓசூரில் நாங்கள் கடையும் இரும்புத் தண்டுகள், ஷாஃப்டுகள், வெளிநாட்டுக்குப் போகின்றன. பணம் டாலரில் வருகிறது.

"ரூபா விழ விழ நமக்குத் தீபாவளிடா நவீனு," என்றார், விரலில் ஒட்டிய நெய்யை நக்கிக்கொண்டே.

அந்த 'நமக்கு' யார் யாருக்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பகலில் அவருடைய ஸ்டோரில் டூல் எடுத்துக் கொடுக்கிறேன், மாலையில் பி.காம். வகுப்புக்குப் போகிறேன். எனக்குத் தெரியாதது நிறைய.

மதியமே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. கடைசல் மெஷின் ஓட்டும் இரம் அவர் அறைக்குப் போனாள். அவளுக்குப் பயிற்சிக் காலம் முடிந்திருந்தது. இந்த மாதம் பர்மனென்ட் செய்வதாக அவரே சொல்லியிருந்தார். அது கிடைத்தால் விடுதியைக் காலி செய்து, காவேரிப்பட்டினத்தில் மாமா வீட்டில் ஒண்டியிருக்கும் அம்மாவைக் கூட்டிவந்து இங்கே ஒரு வீடு பார்க்கலாம் என்றிருந்தாள்.

"டாலர் ஏறி டூல் விலையெல்லாம் எங்கியோ போயிடுச்சேம்மா. இப்பப் போயி பர்மனென்ட் கேக்கறியே," என்றாராம். மைசூர்பாகு டப்பா மேசை மேல் திறந்தே இருந்ததாம்.

காலையில் ஏறிய அதே டாலர்தான். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று வகுப்பில் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். ஏற்றுமதி செய்பவருக்கு லாபம், இறக்குமதி செய்பவருக்குச் செலவு என்று இருந்தது. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் லாபத்தைத் தன் பையிலும் செலவை ஆபரேட்டர் தலையிலும் வைப்பார் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

மறுநாள் ஓர் உத்தரவு வந்தது. இரும்பைச் சீவுவது இன்செர்ட் என்கிற சின்னத் துண்டு, வெளிநாட்டுச் சரக்கு. அதற்கு நாலு மூலை. ஒரு மூலை மழுங்கினால் அடுத்த மூலைக்குத் திருப்பி மாட்டுவோம். இனி ஒரு மூலையில் இரண்டு மடங்கு ஷாஃப்ட் ஓட வேண்டும், அதற்குள் மூலையை மாற்றக் கூடாது, புது இன்செர்ட்டும் கிடையாது.

"சார், மெஷின் சத்தமே மாறுது. ஃபினிஷ் போயி சொரசொரன்னு ஆயிடும்," என்றாள் இரம்.

சூப்பர்வைசர் சுரேந்தர் சிரித்தார். "சத்தம் புடிக்கலைன்னா காதுல பஞ்சு வச்சுக்கம்மா."

என்னிடம் வந்தாள். "ஒரே ஒரு இன்செர்ட் குடு நவீன்."

"தரக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

"மேல ஃபேன்தான் சுத்துது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சரக்கைப் பார்க்க, வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் திருமலை பெங்களூரிலிருந்து வந்தார். ஒரு ஷாஃப்டை நகத்தால் தடவினார். நகம் தடுக்கியது. மொத்த லாட்டும் வேண்டாமென்று ஒதுக்கச் சொன்னார். அதோடு, "ரூபாய்தான் இறங்கிடுச்சே, அடுத்த ஆர்டர்ல விலையைக் குறைக்கச் சொல்றாங்க," என்றார்.

"ஆகட்டும் சார், ஆகட்டும் சார்," என்றார் குருமூர்த்தி. எங்களிடம் உறுமும் வாய் அது. இவ்வளவு குழையும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு வெளியே வந்து இரமை ஓரமாக அழைத்தார். நான் பக்கத்தில் நிற்பதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "மூலையை மாத்த மறந்துட்டேன்னு அவருகிட்ட சொல்லிடும்மா. இந்த மாசமே பர்மனென்ட். உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்துடு."

அவள் உள்ளே போனாள். "மறக்கல சார். மாத்தக் கூடாதுன்னாங்க. புதுசு கேட்டேன், தரல."

திருமலை என்னைப் பார்த்தார். குருமூர்த்தியும் பார்த்தார். அவள் சொன்னது சரி என்று நான் தலையை ஆட்டினேன். குரல் வரவில்லை.

மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "அத்திப்பள்ளியில ஆள் எடுக்கறாங்களாம்," என்றாள். அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை.

இன்று ரூபாய் இன்னும் இறங்கியது. இனிப்பு வரவில்லை. குருமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, தூக்கிப்போட்ட பழைய இன்செர்ட்டுகளில் மழுங்காத மூலை இருந்தால் பொறுக்கி எடுக்கச் சொன்னார். "குப்பைன்னு நெனைக்காத. ஒவ்வொண்ணும் டாலர்டா."

கருப்பு எண்ணெய் சொட்டும் அந்தக் குப்பை டப்பாவைத் தூக்கிவந்து, மைசூர்பாகு இருந்த இடத்தில், அவர் மேசை மேல் வைத்தேன்.

"நீங்களே பொறுக்கிக்கங்க சார்," என்றேன். இந்தத் தடவை குரல் வந்தது.