கஜீபன் எழும்பும் காட்சி

கஜீபனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு பின்னேரம், அவனுடைய கூட்டாளி பஸ்லான் வந்து வாசலில் நின்றான். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். கஜீபன் இருந்த காலத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற பிள்ளை. இப்போது கூப்பிடும்வரை படி ஏறவில்லை.

“உள்ள வாங்கோ தம்பி,” என்றாள் கஜீபனின் தாய் சுலோஜனா.

கதிரை நுனியில் இருந்துகொண்டு, கேட்க வந்ததைக் கேட்க அவனுக்கு நெடுநேரம் பிடித்தது. மூதூர்க்காரன். நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். ஒரு வருடமாக அவனும் கஜீபனும் சேர்ந்து ஃபோனிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கஜீபன்தான் கதாநாயகன். கந்தளாய் வீதியில், மழைக்குள், லொறியொன்று அவனுடைய மோட்டார் சைக்கிளை இடித்தபோது கடைசிக் காட்சி மட்டும் எடுக்காமல் மிச்சமிருந்தது.

“முடிக்கிறதா விடுறதா எண்டு நீங்கதான் சொல்லணும், அன்ரி. முதல்ல பாருங்க.”

சுலோஜனாவின் கணவர் இரத்தினசிங்கம் அதைக் கேட்டதும் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். மகனின் படமென்றால் சுவரில் மாட்டியதைக்கூட அவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

படம் தொடங்கியது. கஜீபன் பாயில் படுத்திருக்கிறான். எழும்புகிறான். துறைமுக வீதியால் ஓடுகிறான். படத்தில் அவனுடைய அக்காவைக் கடத்தி ஒரு தோணியில் வைத்திருக்கிறார்களாம், தோணி புறப்படுமுன் அவன் போய்ச் சேரவேண்டும். மீன்சந்தைக்குப் பின்னால் முகமூடி போட்ட ஒருவன் தடியால் அடிக்கிறான். கஜீபன் விழுகிறான். கண் திறந்தபடி கிடக்கிறது. திரை சிவக்கிறது, வீடியோ கேமில் வருவதுபோல ஒரு சத்தம். பிறகு அதே பாய், அதே விடியல். கஜீபன் எழும்புகிறான்.

“இதென்ன, செத்தவனெல்லோ?” என்றாள் சுலோஜனா.

“செத்தா திரும்ப அதே காலைதான் விடியும், அன்ரி. கேம் மாதிரி. ஆனா அவனுக்கு நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். இந்தமுறை பாருங்க, அந்த இடத்துல குனிவான்.”

குனிந்தான். தடி தலைக்கு மேலால் போனது. அடுத்த திருப்பத்தில் வேறொருவன் நின்றான். மறுபடி விழுந்தான், மறுபடி பாய். மதிலில் ஏறி விழுந்தான், கடலில் விழுந்தான், ஓட்டோ மோதி விழுந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலான தூரம் போனான். சுலோஜனா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் விழும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பும்போதுதான் வந்தது.

குசினிக்குள்ளிருந்து இரத்தினசிங்கத்தின் குரல் கேட்டது.

“அப்ப ரெண்டாந்தரம் அந்தக் கந்தளாய் றோட்டால போயிருக்கமாட்டான்.”

பஸ்லான் படத்தை நிறுத்தினான்.

பிறகு மிச்சத்தைச் சொன்னான். கடைசிக் காட்சிக்குக் கஜீபனின் உயரத்தில் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறான். கஜீபனுடைய சேட்டொன்றைத் தந்தால் முதுகுப் பக்கமாக எடுத்துச் சமாளிக்கலாம்.

“வேற பிள்ளைக்கு அவன்ட சேட்டைப் போட்டு ஓடவிடாதேங்கோ,” என்றாள் சுலோஜனா. “அது மட்டும் வேண்டாம். மற்றதெல்லாம் உங்கட விருப்பம்.”

“சரி, அன்ரி.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இன்னொண்டு இருக்கு. ஒவ்வொரு முறையும் அவன எழுப்புறது அம்மாட குரல்தான். படத்துல அம்மா வாறல்ல, குரல் மட்டும். இப்ப நான்தான் பொம்புளக் குரல்ல பேசி வச்சிருக்கன். உங்களக் கேப்பம் எண்டு சொன்னன். அவன் வெக்கப்பட்டான். அம்மா சிரிப்பா, ஏசுவா எண்டான்.”

குரலைப் பதிய சுலோஜனா பஸ்லானின் ஃபோனை வாங்கி வாயருகே பிடித்தாள். “கஜீ… எழும்பு ராசா,” என்றாள். குரல் நடுங்கியது. திரும்பவும் சொன்னாள். மூன்றாம் முறை பாதியில் நின்றுவிட்டது.

இரத்தினசிங்கம் குசினி வாசலுக்கு வந்தார். கையில் கழுவிய கோப்பையொன்று சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ அவனை அப்பிடிக் கூப்பிடுறேல்ல,” என்றார். “முதல் ஃபேனை நிப்பாட்டுவாய். பேந்து ஏசுவாய்.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஃபோனைப் பஸ்லானிடம் கொடுத்துவிட்டுக் கஜீபனின் அறை வாசலுக்குப் போய், ஓடாத ஃபேனின் சுவிட்சைத் தட்டினாள். “எழும்படா. வெயில் முகத்தில அடிக்குது, இன்னும் கிடக்கிறாய். வேலைக்குப் போற நினைப்பில்லையோ? தேத்தண்ணி ஆறுது. கஜீ. உன்னைத்தான்.”

பஸ்லான் பதிவை நிறுத்தாமல் அப்படியே நின்றான். கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல இரத்தினசிங்கம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை, மூதூரில் ஒரு ரியூசன் மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். இரத்தினசிங்கம் போகவில்லை. சுலோஜனா தனியாக பஸ் ஏறிப் போனாள். முகமூடி போட்டு நடித்த பெடியன்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். கஜீபன் குனிந்து தப்பியபோது விசில் அடித்தார்கள். விழுந்தபோது, கூட நடித்தவனின் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அவன் வாழ்ந்த இடம் இதுவும்தான் என்று நினைத்தாள். ஒவ்வொரு விடியலிலும் அவளுடைய ஏச்சு மண்டபத்தை நிறைத்தது. பஸ்லானின் தாய் ஜெமீலா பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்திருந்தாள்.

கடைசித் தடவை கஜீபன் தோணிவரை போய்ச் சேர்ந்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். எடுத்தது அவ்வளவுதான், அதோடு திரை இருண்டது. இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் கேட்டது. “கஜீ. உன்னைத்தான்.” பாயைக் காட்டவில்லை. விளக்கைப் போட்டபோது முன்வரிசையில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்தரிப்புவரை பஸ்லான் கூட வந்தான்.

“படத்த உங்கட ஃபோனுக்கு அனுப்பவா, அன்ரி?”

“இப்ப வேண்டாம் தம்பி. கைக்குள்ள இருந்தா நான் அவனை எழுப்பி எழுப்பிச் சாகவிட்டுக்கொண்டிருப்பன். வேற வேலை ஓடாது.” பிறகு, “நீங்கள் அழிச்சுப் போடாதேங்கோ,” என்றாள்.

“அழிக்கமாட்டன்.”

வீட்டுக்கு வந்தபோது இரத்தினசிங்கம் சோற்றை மூடி வைத்துவிட்டு மேசையில் காத்திருந்தார். அவள் கை கழுவி வந்து இருந்ததும் கேட்டார்.

“எழும்பினவனோ?”

“எல்லாத்தரமும் எழும்பினவன். கடைசித்தரம் காட்டேல்ல.”

அவர் தலையாட்டினார். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் சாப்பிடத் தொடங்கினார்கள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார், அவள் அதைக் கண்டு கோப்பையில் தண்ணீர் வார்த்து அவர் பக்கம் வைத்தாள்.