சௌம்யாவின் கிளட்ச் ஒயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவன் நான்தான். என்ன பொய் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மேல் உங்களுக்கு மரியாதை போய்விடும், மேலே படிக்கவும் மாட்டீர்கள்.

இப்போதைக்கு இது போதும். தை மாதம் மாங்காட்டில் ஒரு பெண்ணிடம் பழைய பைக் வாங்கினேன். அவருக்கு இங்கே சௌம்யா என்று பெயர் வைத்திருக்கிறேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "வண்டி மேல ஒரு தப்பும் இல்லைங்க. என் கைதான் போச்சு."

வீட்டுக்கு வந்து கிளட்ச் ஒயரைக் கழற்றி எண்ணெய் விட்டேன். கைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒயர்தான் காய்ந்து கிடந்தது.

2

தொடக்கங்கள்:

மாங்காட்டில் அன்று மழை பெய்து— (பெய்யவில்லை. சுள்ளென்று வெயில்.)

பெண்ணுக்கும் வாகனத்துக்கும் உள்ள உறவு என்பது— (கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.)

சௌம்யா விழுந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். (இது பரவாயில்லை.)

விழுந்தது பைக்கிலிருந்து அல்ல, பிளாட்டின் மாடிப்படியில். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டைப் பிரித்த அடுத்த வாரமே அவள் வண்டியை எடுத்தாள். (கதைக்குள் வந்தால் 'அவள்'. வெளியே 'அவர்'தான்.) கிளட்ச்சைப் பிடித்தால் கல்லைப் பிடித்ததுபோல் இருந்தது. மாங்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஆபீஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சிக்னல், எத்தனை பள்ளம். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கிவிடும். அடிபட்ட கையும் கிளட்ச் பிடிக்கும் கையும் ஒன்றாக இருந்தால் யாராக இருந்தாலும் கையைத்தான் சந்தேகப்படுவார்கள்.

"வித்துரு சௌமி," என்றான் கணவன் அருள். "இந்தக் கையை வச்சிக்கிட்டு எதுக்கு? கியர் இல்லாத ஸ்கூட்டரா பார்த்துக்கலாம்."

அவன் அக்கறையில்தான் சொன்னான். ஆனால் 'இந்தக் கை' என்ற சொல் அவளைக் குத்தியது. தருமபுரியிலிருந்து வந்து, முதல் வேலையில் சேர்ந்த வருஷமே அவள் வாங்கிய வண்டி அது. அதை விற்பது, தன் கை இனி தேறாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல் அவளுக்குப் பட்டது.

3

யூசுப்பை நான் முதலில் நம்பினேன், பிறகு அடித்துவிட்டேன்.

யூசுப் காட்டுப்பாக்கத்தில் வாட்டர் வாஷ் கடை வைத்திருப்பவர். ஞாயிறு தவறாமல் சௌம்யாவின் வண்டி அங்கே போகும். அவள் கையில் மாவுக்கட்டு இருந்தபோதும் அருளை ஓட்டிப்போகச் சொன்னாள். (அருளின் கைக்கு அந்த இறுக்கம் பெரிதாகத் தெரியவில்லை.) தப்பு நடந்தது அங்கேதான். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர், கிளட்ச் கைப்பிடி ஓரமாக ஒயரின் உறைக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டுத் துருவை வைத்துவிட்டுப் போகும். எண்ணெயைப் பற்றி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பளபளவென்று இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். பாசத்திலேயே அதைக் கெடுத்தாள்.

முதல் வரைவில் யூசுப் இப்படிப் பேசினார்:

"இன்னா மேடம், கிளட்சு இவ்ளோ டைட்டா கீது? ஒயர்ல எண்ணெயே இல்ல. வுட்டுப் பாரு, பூ மாறி ஆயிடும்."

இந்த ஒரு வரியில் கதை முடிந்துவிடுகிறது. தவிர, வாட்டர் வாஷ்காரர் வண்டியை நியூட்ரலில் தள்ளிக்கொண்டு போவார், தள்ளிக்கொண்டு வருவார். கிளட்ச்சை அவர் ஏன் பிடிக்கப் போகிறார்? மன்னியுங்கள் யூசுப் பாய்.

4

இரண்டாம் வரைவில் அவளே கண்டுபிடிக்கிறாள். நான் வண்டி பார்க்க வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், பிளாட்டின் பார்க்கிங்கில்.

கைப்பிடியருகே இருக்கும் திருகை முழுக்க உள்ளே திருகி, திருகிலும் கைப்பிடியிலும் ஒயர் வெளியே வர இருக்கும் பிளவுகளை ஒரே நேராக்கினாள். ஒயரின் குண்டு முனை கழன்று வந்தது. ஒரு பால் கவரின் மூலையில் சின்ன ஓட்டை போட்டு, அதற்குள் ஒயரின் மேல்முனையை நுழைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள். கவருக்குள் எண்ணெய் விட்டு, கம்பியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தாள். (சில வண்டிகளில் உறைக்குள் நைலான் இருக்கும், அதற்கு எண்ணெய் வேண்டாம் என்பார்கள். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.) அரை மணி நேரம் கழித்துக் கீழ்முனையில் ஒரு சொட்டு வந்தது. துரு நிறம். பிறகு வந்த சொட்டுகள் தெளிந்தன.

மாட்டிவிட்டுப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் போதுமாக இருந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் தன் கையைத் திட்டியிருக்கிறாள்.

(இந்தப் பகுதியில் பால் கவர் என் வீட்டுடையது. இரண்டு விரல் என்னுடையவை. கோபத்தை மட்டும் அவளுக்காக எழுதினேன்.)

5

முடிவுகள்:

அ. அவள் எனக்கு போன் செய்து, "வண்டி விக்கலைங்க" என்கிறாள். நியாயமான முடிவு. எனக்கு வண்டி இல்லை.

ஆ. எல்லாம் தெரிந்தும், போதும் என்று விற்றுவிடுகிறாள். இதை மூன்று முறை அழகாக எழுதினேன். என் மனசாட்சிக்கு வசதியான முடிவு என்பதால் கிழித்தேன்.

இ. நடந்தது. அதற்குத்தான் இத்தனை சுற்று.

6

போன மாதம் காட்டுப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டியவர் அருள், பின்னால் சௌம்யா. இடது கை மடியில் இருந்தது. அதில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து. அமுக்குவதும் விடுவதுமாக இருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் வண்டியைத்தான் பார்த்தார்.

"நல்லா ஓடுதாங்க?"

"ஓடுதுங்க."

"கிளட்ச் கஷ்டமா இல்லையா?"

கியரில்தான் நின்றிருந்தேன். கிளட்ச்சை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். மற்ற விரல்களையும் சேர்த்து இறுக்கிக்கொண்டேன்.

"கொஞ்சம் கஷ்டம்தாங்க. பழகிடுச்சு."

"எனக்குத்தான் முடியாமப் போச்சு," என்று சிரித்தார். பச்சை விழுந்தது.

உண்மையைச் சொன்னால் வண்டியைத் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்தேன். எனக்கு வண்டி பிடித்துப்போயிருந்தது. வேறு காரணமே இல்லை. அவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் போன் செய்யாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் வரியை அடித்துவிட்டேன். சிக்னலை மறுபடி சிவப்பாக்கியிருக்கிறேன், நாற்பது விநாடி. அவர் கையில் பந்து இருக்கிறது. வண்டி மேல் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

"கிளட்ச் கஷ்டமா இல்லையா?"

"................................"