பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி

பூதப்பாண்டிக்கு வடக்கே சர்க்கார் நூல் பிடித்துக் கட்டிய புதுக்காலனியில் ஆஸ்பத்திரி திறந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு கட்டில், தனியாகப் பிரசவ அறை. 1956 நவம்பரில் தாலுக்கா மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, கேரளத்திலேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் போய்விட்டார். வேறொருவர் வருவார் என்றார்கள். பத்து நாளாகியும் வரவில்லை. மருத்துவச்சி எலிசாவும் காவலாளி சுடலையாண்டியும் மட்டுமே மிச்சம்.

அன்று காலை கோலப்பன் தன் மனைவி தாணம்மாளை மாட்டுவண்டியில் கொண்டுவந்தான். தலைப்பிரசவம். பத்தரை மணிக்குக் குழந்தை பிறந்து வீறிட்டது.

"பொம்பளப் பிள்ளையாக்கும், மக்கா" என்று எலிசா சிரித்தாள்.

நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தாள். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். விரித்த துணியெல்லாம் நனைந்தது. ரத்தத்தைக் கட்டும் ஊசிமருந்து அலமாரியில் ஒரு குப்பியாவது இருக்குமென்று நம்பினாள். ஆனால் டாக்டர் அலமாரியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"சுடலையாண்டி, பூட்ட உடையும்!"

"அம்மா, சர்க்கார் முத்திரையாக்கும். எனக்க வேல போயிரும்."

"எம்பேரச் சொல்லும். உடையும்!"

கடப்பாரையால் இரண்டு அடி. உள்ளே டிஞ்சரும் தைலமும் இருந்தன. ஊசிமருந்துப் பெட்டியில் வெறும் பஞ்சு. கடைசிக் குப்பியைப் போன மாதம் டாக்டருக்கு எடுத்துக் கொடுத்தது அவளேதான்; அது தெரிந்தும் ஒன்றாவது மிஞ்சியிருக்குமென்று நம்பியிருந்தாள். புதிதாகக் கேட்டு எழுதியதற்கு, இனி மதராஸுக்கு எழுதவும் என்று திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்திருந்தது.

"நாரோயில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். மாட்டுவண்டி தாங்காது. ரோட்டுல ஏதாம் லாரி வந்தா மறியும்" என்று கோலப்பனை விரட்டினாள். அவன் ஓடினான்.

"எக்கா, பிள்ள பால் குடிச்சா?" தாணம்மாளின் குரல் தேய்ந்திருந்தது.

"குடிப்பா. நீ கண்ண மூடாத மக்கா. என்னப் பாரு."

தாணம்மாள் பார்த்தாள். எலிசா வயிற்றை அழுத்திய கையை எடுக்கவேயில்லை. பார்த்தபடியே இருந்த கண்களில் ஏதோ விட்டுப்போனது தெரிந்த பிறகும் எடுக்கவில்லை.

கோலப்பன் மூச்சிரைக்க வந்தான். எலிசாவின் முகத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டாக்டரு இருந்திருந்தா பொழச்சிருப்பாளா, அம்மா?"

எலிசா கையைக் கழுவிவிட்டுக் குழந்தையை எடுத்து வந்தாள். அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தலை தாங்கும்படி அவன் முழங்கையை மடக்கி வைத்தாள். வெளியே லாரிக்காரன் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தான்.