பதக்கம் குத்தும் நாள்

பன்தோல் காவல் நிலையத்தில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே பேர். அதில் ஒருவருக்கு டெங்கு. இன்னொருவரை, வேலைப்பளுவால் வரும் மன உளைச்சலைச் சமாளிப்பது எப்படி என்று கற்றுவர மேலிடம் மணிலாவுக்கு அனுப்பிவிட்டது. மிச்சம் சார்ஜன்ட் எல்மெர். உளைச்சல்படக்கூட நேரமில்லாதவருக்குப் பயிற்சி எதற்கு?

அன்று மகள் கிளாரிஸின் பள்ளியில் பரிசு நாள். பெற்றவர்களே மேடையேறிப் பிள்ளையின் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட வேண்டும். அம்மாவுக்குத் துபாயில் வீட்டு வேலை. போன இரண்டு வருஷமும் டீச்சர்தான் குத்தினார். இந்த முறை தலைகீழாக நின்றாவது வந்து தன் கையால் குத்துவதாக எல்மெர் சத்தியம் செய்திருந்தார்.

கிளம்பும் நேரம் பார்த்து, சண்டைச்சேவல் திருடிய தோதொயை ஊர்க்காரர்கள் இழுத்து வந்தார்கள். லாக்கப் பூட்டு கெட்டு, புதுப் பூட்டுக்கு எழுதிப்போட்டு மாமாங்கம் ஆகிறது. காவலுக்கு ஆளும் இல்லை. எல்மெர் அவன் கையையும் தன் கையையும் ஒரே விலங்கில் பூட்டினார்.

“எங்க சார் போறோம்?”

“பள்ளிக்கூடத்துக்கு. வாய மூடிட்டு வா.”

“ஆறாங்கிளாஸோட அங்கருந்து ஓடுனவன் சார் நான். ஹெட்மாஸ்டர் கண்ணுல படாம உக்கார வைங்க.”

பள்ளி மண்டபத்தில் நாற்காலியில் சாய்ந்ததும் எல்மெர் தூங்கிப்போனார். பெயர் கூப்பிட்டபோது தோதொய்தான் விலாவில் இடித்தான். “எந்திரிங்க சார், பாப்பாவக் கூப்பிடுறாங்க.”

இருவருமாக மேடையேறினார்கள். தோதொய் பதக்கத்தை வாங்கிக்கொள்ள, எல்மெர் அரைத் தூக்கத்தில் மகளின் தோளைப் பிடித்தார். யார் தோளைப் பிடித்தாலும், கைது செய்யும்போது சொல்ல வேண்டிய வாசகம் அவர் வாயில் தானாக ஓடும்.

“நீ பேசாம இருக்கலாம், அது உன் உரிமை. பேசினா, சொல்றது எல்லாம் உனக்கெதிரா சாட்சியா வரும்.”

மைக் அதை ஊருக்கே சொன்னது. பாதிரியார்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளாரிஸ் சிரிக்கவில்லை.

“நான் பேசுறேன்பா. நான் தூங்கினப்புறம் வர்ற, எந்திரிக்கறதுக்குள்ள போயிடுற. வாசல்ல செருப்பு இடம் மாறியிருந்தாத்தான் நீ வந்துட்டுப் போனதே எனக்குத் தெரியுது.”

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்மெருக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பதக்கத்தை வாங்கி ஊக்கைத் திறந்தார். கண்ணீர் மறைத்ததில் பதக்கம் இரண்டு முறை கீழே விழுந்தது.

“குடுங்க சார், பாப்பா மேல குத்திடப் போறீங்க,” என்றான் தோதொய்.

அவன்தான் குத்திவிட்டான்.