சோப்புத் தடவிய திருகுகள்

மல்சுன் ஒரு பாதத்தை அலமாரியின் அடிக்கட்டையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடியைப் பற்றி இழுத்தாள். அலமாரி முனகியதே தவிர, மேல் இழுப்பறை மயிரளவும் நகரவில்லை. வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டை நழுவியது. பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க ஹேஜின் அப்பா, நீங்க செஞ்சது துணி வைக்கிற பெட்டியா, பொணம் வைக்கிற பெட்டியா?"

அவள் கணவன் சாங்கில் ஊதிய பலகை விளிம்பை விரலால் தடவினான். தென்கொரியாவின் கோஜே தீவில் பன்னிரண்டு நாளாக மழை. சுவர்த்தாள் மூலைக்கு மூலை உப்பிக் கிடந்தது. மரமும் ஈரத்தைக் குடித்து ஊதிவிட்டது. அந்த இழுப்பறையை அவன் செய்தது ஜனவரியில், குளிருக்குத் தரைக்கடியில் ஓடவிடும் சூட்டில் பலகை எலும்பாகக் காய்ந்திருந்தபோது. ஓரத்தில் இடைவெளி விடச் சொல்லி, போன் வீடியோவில் பாடம் நடத்தியவன் தலைதலையாய் அடித்துக்கொண்டான். முப்பது வருஷம் கப்பல் தகட்டை வெல்டிங் வைத்தவனுக்கு இடைவெளி என்றால் அவமானம். ஒரு தாள்கூட நுழையாதபடி இழைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அதற்கு முன்னால் செய்த செருப்பு அலமாரி கோணல், முக்காலி ஆட்டம். இதுதான் முதல் முறையாக நேராக வந்தது.

உள்ளே அவனுடைய வெல்டிங் தகுதி அட்டை இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதைக் கப்பல் கட்டும் யார்டு வாசலில் போர்மேன் சோயிடம் கொடுத்தால் நாளை காலையிலிருந்து வேலை. இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போகும்.

"சுத்தியலை எடுங்க, ஒடச்சிரலாம்."

"ஒடச்சா அட்டையும் கிழியும். சூடு காட்டுனா மரம் சுருங்கும்."

மல்சுன் தரையைச் சூடாக்கும் பாய்லரைத் திருகிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினாள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க எல்லா வீட்டிலும் ஒரு மணி நேரம் போடுவதுதான். ஊதின மரம் சுருங்க ஒரு மணி நேரம் பத்தாது, மூன்று நாளாவது ஆகும் என்று சாங்கிலுக்குத் தெரியும். பின்பலகையின் நான்கு திருகுகளைக் கழற்றினால் இழுப்பறையைப் பின்னாலிருந்து தள்ளிவிடலாம் என்பதும் தெரியும். பத்து நிமிஷ வேலை. அவன் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மணிக்குத் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஆளுக்கொரு மெத்தையை மடித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சாங்கிலின் பனியன் முதுகோடு ஒட்டியது. மூக்குக்குள் சூடான இரும்பு வாடை வந்தது. வீட்டில் இரும்பு எங்கே இருக்கிறது. போன ஆகஸ்டில், கப்பலின் அடிவயிற்றுத் தொட்டிக்குள், தோள் மட்டுமே நுழையும் ஓட்டை வழியாக ஊர்ந்துபோய் வேலை செய்துகொண்டிருந்தான். உள்ளே ஆளில்லை என்று நினைத்து யாரோ உள்ளே காற்று அனுப்பும் விசிறியை நிறுத்திவிட்டார்கள். சாங்கில் உள்ளிருந்து சுத்தியலால் தகட்டைத் தட்டினான். மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மூன்று தட்டு. யார்டு முழுக்கத் தட்டல்தான். அவனுடையது மட்டும் யார் காதில் விழும். இருபது நிமிஷம் கழித்துத்தான் விசிறி ஓடியது. முதுகுவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தவன் அதன்பிறகு உளியும் ரம்பமுமாகவே இருக்கிறான்.

"என்ன தட்டுறீங்க?"

குனிந்து பார்த்தான். விரல் முட்டி அலமாரிப் பலகையில் இருந்தது.

"ஒண்ணுமில்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு குளிர்ந்த பார்லித் தண்ணீரை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். வலது கையால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இடது கையால் தள்ளினாள். மீன் ஆலையில் ஐஸ் மீனை வெட்டி வெட்டி அந்தக் கை போய்விட்டது. மருத்துவர் மூன்று மாசம் ஓய்வு என்றார். அவள் அரைநாள் லீவு எடுத்ததே இன்றைக்குத்தான்.

நான்கு மணிக்கு எழுந்து பாய்லரை நிறுத்தினாள். செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.

"பின்னாடி நாலு திருகு இருக்குல்ல. அத முடுக்கும்போது டார்ச் பிடிச்சவ நாந்தான?"

சாங்கில் திருப்புளியைப் பார்த்தான்.

"முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இந்த வேக்காடு?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்." பட்டையை அவிழ்த்து மறுபடி சுற்றத் தொடங்கினாள். "போகப் பிடிக்கலன்னா ஏன்னு சொல்லுங்க. முதுகுவலின்னு மட்டும் சொல்லாதீங்க. வலிக்கிற முதுகா அந்தப் பலகைய மூணு மாடி தூக்கிட்டு வந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தான். சொன்னால் போக விடமாட்டாள். நாளைக்கு அந்தக் கையோடு அவளே ஐஸ் மீனுக்கு முன்னால் போய் நிற்பாள். பட்டையின் நுனி நழுவி நழுவிப் போனது. அவன் எட்டிப் பிடித்துக் கொக்கியை மாட்டிவிட்டான். போன் அடித்தது. சோய். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அலமாரியை அணைத்துப் பிடித்து, சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினான். பின்பலகை பூராவும் கரும்பூஞ்சை. புறங்கையால் துடைத்து முதல் திருகைத் தேடினான். முடுக்குவதற்கு முன் சோப்பில் ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொண்டால் பின்னால் கழற்றும்போது மரம் பிளக்காது என்பது அந்த வீடியோவில் அவன் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்ட ஒரே பாடம். துருவேறி இறுகியிருக்க வேண்டிய திருகு, இரண்டு விரல் அழுத்தத்துக்கே சத்தமில்லாமல் சுழன்று, நுனியில் வெள்ளைச் சோப்புத் துணுக்கோடு அவன் உள்ளங்கையில் விழுந்தது. இன்னும் மூன்று இருந்தன. போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது.