இரண்டாவது கையெழுத்து

கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு குமாஸ்தா என்னிடமே திருப்பி நீட்டினார். எங்கள் வீட்டை வாங்கப்போகிறவரின் வக்கீல் அலுவலகம் அது.

"இது செல்லாதும்மா. விக்கிறவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒப்பந்தம் ரத்தாகும்."

"நான் மூத்தவ சார்."

"மூத்தவங்களாவே இருங்க, யாரு வேணாம்னா? இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள வாங்க. ஒரு நிமிஷம் தாண்டினாலும் வாங்க மாட்டேன்."

மணி மூன்று ஐம்பது. அப்பா போனதிலிருந்து தங்கைக்கும் சேர்த்து நான்தான் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவந்தேன், அவளுடைய மார்க் அட்டையிலிருந்து மாடிக்கு மின்சாரம் வாங்கியது வரை. அந்தத் திமிரில்தான் இதற்கும் நான் போட்டால் போதும் என்று கிளம்பி வந்திருந்தேன்.

நான் கீழ்வீடு, அவள் மாடி. நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. தண்ணீர், சாவி, குப்பை எதுவானாலும் கதவுக்கு அடியில் ஒரு சீட்டு. ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்க வேண்டாம் என்றுதான் வீட்டையே விற்கத் துணிந்தோம். போன வாரம் தரகர் சிரித்துக்கொண்டே சொன்னார், தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அதுவும் தையல் மெஷினோடு, வாடகைக்கு விட மாட்டோம் என்று ஐந்து இடத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விற்க வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமையே சீட்டு போட்டேன். பதில் இல்லை.

பஸ் ஊர்ந்தது. மாடிப்படி ஏறினேன். முடியாது என்று கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வேன்? தட்டினேன்.

வாயில் குண்டூசிகளோடு திறந்தாள். பின்னால் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள். கதவோரம் தூசிக்காகச் சுருட்டி அடைத்திருந்த பழைய துணி. அதற்கடியில் என் சீட்டு அப்படியே கிடந்தது.

குனிந்து எடுத்துப் படித்தாள். அஞ்சு மணிக்குள் அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதத்தை நீட்டினேன். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எனக்கும் சேத்து நீயே போட்டிருப்பியே?"

"செல்லாதாம்."

"அட, இப்பவாவது ஒருத்தர் சொன்னாரே."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். சண்டை போட நேரமில்லை.

"பயமா இருக்குடி. நீ எங்க போய் நிப்பன்னு நெனச்சாலே பயமா இருக்கு."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"ஆட்டோ பிடி. அங்க வந்தே போடறேன். இங்க போட்டா, இதுவும் நீ போட்டதுதான்னு சொல்லிடுவாங்க."

நாலு ஐம்பத்தேழுக்குப் போய் நின்றோம். அவள் எழுத்து எழுத்தாக, துணியில் கோடு போடுகிற நிதானத்தில் கையெழுத்திட்டாள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, சீல் குத்தி, ரசீதை நீட்டினார். பழக்கதோஷத்தில் என் கைதான் முதலில் நீண்டது. அப்புறம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் சொன்னேன், "அந்தத் துணிய எடுத்துடு. சீட்டு போட்டா உள்ள வரமாட்டேங்குது."

"எடுக்க மாட்டேன்க்கா," என்றாள். "இனிமே தட்டு."